இருபது நிமிடம்

நார்வேயின் வடக்கு ஓரத்தில் எங்கள் தீவு.
மீன் காயும் மரச்சட்டங்கள்தான் அண்டை வீடு.
மே கடைசியில் ஏறும் சூரியன்
ஜூலை பாதிவரை இறங்குவதில்லை;
கடலை உரசிவிட்டு மறுபடி மேலே போகும்.

அப்பாவையும் அம்மாவையும் ஒரே அலை கொண்டுபோனது.
காப்பாளராக வந்தார் ஹால்வார்ட்.
கையில் ஒரு பெட்டி, ஒரு சங்கிலிக் கடிகாரம்,
சர்க்கரைக் கட்டிகளை எண்ணிவைக்கும் பழக்கம்.
முதலில் அம்மாவின் அக்கார்டியன் விலைபோனது.

அவர் கடிதம் எழுதி ஒற்றிய தாளைக்
கண்ணாடியில் காட்டிப் படித்தாள் அக்கா சுன்னிவா:
படகு விற்பனைக்கு.
பிள்ளைகள் மூவரும் மூன்று ஊர்களுக்கு.
நீதிபதியின் கப்பல் ஜூலை நான்கு,
பிற்பகல் இரண்டு மணி,
ஒரே ஒரு மணி நேரம் நிற்கும்.

அண்ணன் ஐலெர்ட்டுக்கு ஒரு தண்டனை இருந்தது:
வீட்டிலுள்ள எல்லாக் கடிகாரங்களுக்கும்
தினமும் சாவி கொடுக்க வேண்டும்,
சங்கிலிக் கடிகாரம் உட்பட.

நாளுக்கு இருபது நிமிடம் முன்னே தள்ளினான்.
முப்பத்தாறு நாள்.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பூனை கண்ணை மூடினால் உலகம் இருளாது என்பார்கள்;
ஹால்வார்ட் மூடினாலும் திறந்தாலும்
அதே வெளிச்சம்.
கோழிதான் ஏமாறவில்லை.
"நடுராத்திரியில் முட்டையிடுகிறதே!" என்று
அறுத்துத் தின்றார்.
அதற்காக மட்டும் இன்னும் வருந்துகிறோம்.

எனக்கு அப்போது ஐந்து வயது.
உளறிவிடுவேன் என்று
என்னிடம் சொல்லவே இல்லை.

அன்று கஞ்சிபோட்ட காலரோடு
துறையில் போய் நின்றார்.
அவர் கடிகாரத்தில் பகல் இரண்டு.
கப்பலும் இல்லை, காக்கையும் இல்லை.
அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

கப்பல் வந்தபோது
குறட்டை கேட்டது.
நாங்கள் மூவரும் தலைவாரிப் போனோம்,
ஒற்றுத்தாளோடும் கண்ணாடியோடும்.

"காப்பாளர் எங்கே?" என்றார் நீதிபதி.
"தூங்குகிறார்," என்றேன் நான்.
"இந்த நேரத்திலா?"
"தினமும் இப்போதுதான் தூங்குவார்."
பொய்யே இல்லை.
அவர் ஏதோ எழுதிக்கொண்டார்;
பிறகு கண்ணாடியை வாங்கி
ஒற்றுத்தாளை நெடுநேரம் பார்த்தார்.

படகு எங்களிடமே நின்றது, நாங்களும் ஒன்றாய்.
ஐலெர்ட் எல்லா முட்களையும்
ஒரே மாலையில் திருப்பி வைத்தான்.

என் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
எழுபது வயதிலும்
நள்ளிரவில் எழுந்து
காலைக் கஞ்சிக்குப் பால் காய்ச்சுகிறேன்.