ரம் ஊற்றாத டம்ளர்

காலுவா வேண்டும் என்றாள் போனில்
பெங்களூரில் இருக்கும் நாத்தனார் மகள்.
தாண்டிக்குடியில் கிடைக்காது என்றேன்.
வோட்கா?
அதற்கு வத்தலக்குண்டு இறங்க வேண்டும்,
இறங்கினாலும் கடைக்காரர் எதை நீட்டுகிறாரோ
அதுதான் வோட்கா.
அப்புறம் எதுதான் அத்தை இருக்கு?
காபி இருக்கு என்றேன்.
வீட்டைச் சுற்றி, கழுத்து வரைக்கும்.

மூன்று வாரம் முன்பே
ஊறுகாய் ஜாடியைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினேன்.
நாலு முறை கழுவியும் மாவடு வாசம் போகவில்லை.
வெயிலில் வைத்தேன். வெயில் வரவில்லை.
கெட்டி டிகாக்‌ஷன், கருப்பட்டிப் பாகு, ரம்.
தங்க விலை விற்ற காலத்தில் சவரியப்பன் நட்டு,
விலை விழுந்ததும் கேட்பாரற்று
வேலியேறிக்கொண்ட வெனிலாவில்
ஒரே ஒரு காய், கீறிப் போட்டேன்.
வாயைத் துணியால் கட்டி
அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன்.
தினம் கட்டை அவிழ்த்து மோந்து பார்த்தது யாரென்று
நான் கேட்கவில்லை.
மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஜெனோவாவுக்கு
ராமநாதபுரம் பக்கம் மாறுதல்.
ஆறு வருஷம்.
இந்த மலையில் அவர் கை நுழையாத பசு இல்லை என்பார்
லைன்மேன் வீரபுத்திரன்.
மரியாதையாகத்தான் சொல்வார்.
அவரை டீயும் பஜ்ஜியும் கொடுத்தா அனுப்புவது?

அன்று அஞ்சு மணிக்கே கரண்ட் போனது.
கம்பி மேல் சில்வர் ஓக் சாய்ந்திருக்கும் என்றார் லைன்மேன்
எங்கள் வீட்டு நாற்காலியில் இருந்தபடியே.

ஐஸ் டாக்டரே கொண்டுவந்தார்,
ஸ்கூட்டர் முன்னால் தடுப்பூசிப் பெட்டியில்.
கோமாரி மருந்துக்கு மேல்தட்டில் உறைந்தது.
புதுப் பைதாங்க, காய்ச்சின தண்ணிதாங்க என்று
கேட்காதவர்களிடமும் சொன்னார்.

நுரை வரும்வரை குலுக்க வேண்டும்.
திருகுமூடி போட்ட எவர்சில்வர் தூக்கைத்
துண்டால் சுற்றிப் பிடித்து
போஸ்ட் ஆபீஸ் தவமணி
முத்திரை குத்தும் வேகத்தில் குலுக்கினாள்.
முதல் தடவை மூடி பறந்தது.
காலண்டரில் ஆவணி முழுக்கக் கறுப்பு.
இரண்டாம் தடவை
மழை விட்டபின் ஓடைத் திருப்பத்தில் ஒதுங்குமே,
அந்த நிறத்தில் நுரை.

அதன்மேல் மூன்று காபிக்கொட்டை மிதக்க வேண்டுமாம்.
ஏன் மூன்று?
பெங்களூருக்கும் தெரியவில்லை.
பீபெரியாகப் பொறுக்கி வறுத்து வைத்திருந்தேன்,
நம்மிடம் இருக்கிற ஒரே பகட்டு அது.

டாக்டர் மட்டும் அடுப்படிக்கு வந்து
தணிந்த குரலில்,
எனக்கு ரம் வேண்டாங்க.
பண்ணைக்காட்டுல ஒரு ஜெர்சி நாள் தள்ளி நிக்குது.
யாருக்கும் சொல்லாதீங்க, சங்கடப்படுவாங்க.

நான் சொல்லவில்லை.
ஒரே மாதிரி டம்ளர், ஒரே மாதிரி நுரை,
எது எதென்று கடைசியில் எனக்கே குழம்பி
நக்கிப் பார்த்து நீட்டினேன்.

வினோதமான சரக்கு.
ஒரு கை படு படு என்று அமுக்குகிறது,
மறு கை எழு எழு என்று உலுக்குகிறது.
பதினொன்றரைக்கெல்லாம் எல்லோருக்கும் நாக்குக் குழறல்,
கண் மட்டும் கொட்டக் கொட்ட.
வீரபுத்திரன் வோல்டேஜைப் பற்றி அழுதார்.
சவரியப்பன் வேலி வெனிலாவிடம் மன்னிப்புக் கேட்கப் போய்
செருப்பைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது.
கன்னு தலையைத் திருப்பிக்கிட்டிருக்காம்.
டாக்டர் தொடாத டம்ளரை
ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு எழுந்தார்.
பனியில் ஸ்கூட்டர் விளக்கு
இரண்டு முழம்தான் போனது.

தூக்கம் யாருக்கும் வரவில்லை.
மெழுகுவத்தி தீர்ந்தது,
பேச்சு தீர்ந்தது,
யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஐந்து மணிக்கு வந்தார்.
முழங்கைக்கு மேல்வரை டெட்டால் வாசம், முடியில் வைக்கோல்.
கிடேரி, என்றார்.
டம்ளரைக் கேட்டார்.
நுரை அடங்கி, ஐஸ் கரைந்து,
மூன்று கொட்டையும் ஒரே ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன.
ஒரே மூச்சு.
சுவரில் சாய்ந்து கால் நீட்டி
இப்ப ஊத்துங்க என்றார்.

பாட்டிலைக் கவிழ்த்தேன்.
ஜாடியைக் கவிழ்த்தேன்.
வெனிலாக் காயின் தோல் மட்டும் விழுந்தது,
ஈரமாய், கறுப்பாய்.
எடுத்து ஒரு கடி கடித்து
நெடுநேரம் மென்றார்.

மாவடு வாசம் அடிக்குதே, என்றார்.