மறுசுற்று

நஞ்சக்காட்டுவலசுக்கு அனுப்பும்போது சொல்லிக்கொடுத்தார்கள்:
வீடு என்பது கூரை அல்ல, அடுப்பு.
ஓரடுப்பில் உண்போர் ஒரு குடும்பம்.
அதனால் ஓட்டுவீட்டு அண்ணனுக்கும் தம்பிக்கும்
நடுவே சுவரில்லாமலே இரண்டு எண் போட்டேன்.
"ஏழு வருசமாப் பேச்சில்லீங் டீச்சர்"
என்றாள் மூத்தவள்.
அதற்குக் கட்டம் இல்லை.

தெய்வசிகாமணி, நாற்பத்தொன்று.
கல்யாணம் ஆயிற்றா என்றதும்
எருமைக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.
"ஜாதகம் போயிட்டிருக்குதுன்னு எழுதிக்குங்"
உள்ளேயிருந்து அவர் அம்மா.
முப்பது தாண்டி இப்படிப் பதினேழு பேர்.
ஒருத்தர்கூட நான் கேட்கும்போது
என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து மருமகள் பிரீதா.
தாய்மொழிக்கு நேரே மலையாளம் என்று எழுத
மாமியார் எட்டிப் பார்த்தார்:
"இப்பத்தான் நல்லாப் பேசறாளே, தமிழ்னே போடுங்."
கோழிக்குத் தவிடு பிசைந்த கையோடு
"வேண்டாமுங் டீச்சர், எழுதுனது அப்படியே இருக்கட்டும்"
என்றாள் பிரீதா,
என்னைவிடச் சுத்தமான கொங்குத் தமிழில்.

வடமேற்கு மூலையில் தொடங்க வேண்டும் என்பது விதி.
காலனியைத் தென்கிழக்கு மூலையில் வைத்தது யார்
என்பது விதியில் இல்லை.
"நாங்க கடைசீன்னு தெரியுமுங்" என்றார் ரங்கன்.
பேரனைத் தெலுங்கில் அதட்டிவிட்டு
எனக்குத் தமிழில் நாற்காலி போடச் சொன்னார்.

தேங்காய்க் களத்துக் கொட்டகையில் பதினோரு பேர்,
ஓரடுப்பு.
தலைவர் யார் என்றேன். சிரித்தார்கள்.
அன்றைக்குச் சமையல் முறை ரபிந்திர சாகுவுக்கு.
பத்தொன்பது வயது, பிறந்தது கஞ்சாம்.
அவனையே எழுதினேன்.
ஊரிலேயே பெரிய குடும்பம் அதுதான்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஆறு வயசுக்குள்ளே
பையன்கள் முப்பத்தொன்று, பிள்ளைகள் இருபத்திரண்டு.
மூன்று தடவை கூட்டினேன்.
பஸ்ஸில் திரும்பும்போது
மீதி ஒன்பது பேரை எந்த வீட்டில் விட்டுவிட்டேன் என்று
வீடு வீடாக யோசித்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு வீட்டிலும்
நல்லபடியாகத்தான் காப்பி கொடுத்தார்கள்.

மார்ச் நாலு, மறுசுற்று.
பிப்ரவரி கடைசி ராத்திரி பன்னிரண்டு மணி,
அந்த நொடிக்கு மூச்சு இருந்தவர்தான் கணக்கு.
மேற்காலத் தோட்டத்து நாச்சிமுத்து
ரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.
பந்தல் இன்னும் பிரிக்கவில்லை.
அவர் பெயரை அடிக்கக்கூடாது.

கிழக்கு வளவில், மில்லுக்குப் போகிற சுகன்யாவுக்கு
பெண் குழந்தை.
எத்தனை மணிக்கு என்றேன்.
ஜாதகம் கணிக்கத் தெரிந்தவள் என்று நினைத்தானோ என்னவோ,
அவள் புருசன் நிமிர்ந்து நின்று சொன்னான்:
"பன்னண்டு இருபதுங். நானே வாட்ச் பாத்தனுங்."
சுமாரா ஒரு பன்னண்டுங் என்று
சொல்லியிருக்கலாம் அவன்.
நானும் அதற்குமேல் கேட்டிருக்க மாட்டேன்.
நோட்டிலும் எழுதி வைத்திருந்தான்,
கையெழுத்துக் கோணாமல்.

இருபத்திரண்டு இருபத்திரண்டாகவே நின்றது.

"டீச்சர் கையில ஒருக்காக் குடு" என்றாள் சுகன்யா.
படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இரண்டு கையாலும் வாங்கினேன்.