முப்பதாம் தேதிக்குள்

முப்பதாம் தேதியோடு சர்வரை மூடுகிறோம்,
அவரவர் கணக்கை அவரவரே எடுத்துக்கொள்ளுங்கள் என்று
பழைய கம்பெனி மூன்று தடவை எழுதியிருக்கிறது,
மூன்றும் யாரும் திறக்காத பெட்டிக்கு.
எனக்குத் தெரிந்தது இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம்.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, ரிக் வண்டிகள் நிற்கும் காடு.
தகரக்கூரை ஆபீஸ்.
பில் பறக்காமல் இருக்க அதன்மேல் தேய்ந்த பிட் ஒன்று.
"ஏனுங், வெப்சைட்டத் தூக்கி லாரி மேல வெச்சர முடியாதுங்களா?"
அர்த்தனாரி சிரிக்காமல்தான் கேட்டார்.
பதினோரு மாநிலத்துக்கு வண்டி அனுப்புகிறவர்.
இடம் மாறுவது என்றால் அவருக்கு
டீசல், பெர்மிட், டிரைவர் படி.

கிட்டத்தட்ட அதேதான் என்றேன்.
கோப்பு, டேட்டாபேஸ், மெயில், முகவரிப் பலகை
நாலையும் ஒரே மூட்டையாகக் கட்ட ஒரு பொத்தான்.
முழு பேக்கப்.
மூன்று ஜிபி.
இறக்கும்போது தொண்ணூற்றொரு சதவீதத்தில்
கரண்ட் போனது.
மறுபடி முதல் அடியிலிருந்து.
"ராடு உள்ள மாட்டிக்கிட்டா எங்களுக்கும் இப்படித்தானுங்க"
என்றான் சென்னிமலை, வண்டிக்கு அடியில் படுத்தபடி.

நடுச்சாமத்தில் புது இடத்தில் மூட்டையைப் பிரித்தேன்.
எங்கள் பயனர்பெயர் அங்கே வேறு யாருக்கோ.
ஓர் எழுத்தை மாற்றினேன்,
பாதைகள் எல்லாம் கோபித்துக்கொண்டன.
முதலில் வெள்ளைப் பக்கம்.
பிறகு படங்கள் இல்லாத பக்கம்.
பிறகு தமிழ் இல்லாத பக்கம்.
தண்ணீர் என்று இருந்த இடத்தில் எல்லாம்

???????

எண்ணிப் பார்த்தேன், சரியாக ஏழு.
புள்ளிக்கும் சுழிக்கும்கூட
மெஷின் தனித்தனியாகத் தலை எண்ணுகிறது.

எழுத்து முறையைத் திருத்தி, டேட்டாபேஸை மட்டும் திரும்ப ஏற்றி
சரிபார்க்க அட்டவணை அட்டவணையாகத் திறந்தபோதுதான்
அந்த அறுநூற்றுப் பதினொன்று.
எங்களைத் தொடர்புகொள்ள என்ற கட்டத்தில் எழுதியவர்கள்.
மெயில் முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போய்
ஆறு வருஷமாக ஒருத்தருக்கும் பதில் இல்லை.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் பூஜ்யம்,
படிக்கவில்லை என்று அர்த்தம்.

அர்த்தனாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
"எதுத்த கம்பெனிக்காரன் கெடுத்துட்டான்னுல்ல
இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்."

இங்கிலீஷ் எழுத்தில் இந்தி ஒன்று.
எனக்கு எழுத்து தெரியும், பேச்சு தெரியாது.
அவருக்குப் பேச்சு தெரியும், எழுத்து தெரியாது.
நான் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி வாசித்தேன்.
சார் ஸௌ ஃபுட் தக் சிர்ஃப் தூல்.
எனக்கு அதில் தூள் மட்டும் புரிந்த மாதிரி இருந்தது.
"பள்ளிக்கூடமுங்க. சத்தீஸ்கர்.
நானூறடி போட்டாச்சாம், வெறும் புழுதியாம்.
நம்ம வண்டி அதுக்கும் கீழ போகுமான்னு கேக்கறாங்க."

தேதி கேட்டார்.
ஐந்து வருஷத்துக்கு முந்தின ஏப்ரல்.
"புது எடத்துக்குப் போனா தேதி மாறுங்களா?"
மாறாதுங்க.

நாலு மணிக்கு முகவரியைத் திருப்பிவிட்டேன்.
ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிய இரண்டு நாள்கூட ஆகலாம்.
அதுவரை பாதி ஒரம்பரை பழைய வாசலுக்கு வரும்,
பாதி புது வாசலுக்கு.
இரண்டு பக்கமும் விளக்கு எரிய வேண்டும்.

விடிந்ததும் அந்த நம்பருக்கு அவரே போன் போட்டார்.
சென்னிமலை கம்ப்ரசரை ஓட்டிப் பார்க்கிற நேரம்,
ஆபீஸ் தகரமே அதிர்கிறது.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்
"பானி? பானி மிலா?" என்று கத்தினார்.
பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.
ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கை காட்டினார்,
ஒரு கை முழுசும், மறுகையில் இரண்டு விரலும்.

எழுநூறு அடியிலா.
ஏழாவது போரிலா.
ஏழு மணிக்கு மேல் கூப்பிடச் சொல்கிறார்களா.

பழைய கணக்கை ரத்து செய்யவா என்று
திரை கேட்டபடி இருந்தது.
முப்பதுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.