பதினெட்டுத் தகடு

விடியப் பெய்த மழை
கூரையில் இன்னும் நிற்கிறது.
மல்லாவி நெற்களஞ்சியம், மூன்று மாடி உயரம்,
தட்டைக் கொங்கிறீட். விளிம்பில் சுவரில்லை.
மேலே ஒருத்தரும் ஏறமாட்டினம் என்று
கட்டினவன் நினைத்திருப்பான்.
சோலார் வரும் என்று அவனுக்கு யார் சொன்னது?

துளை போடக்கூடாது என்பது கட்டளை.
போட்டால் ஒழுகும், ஒழுகினால் நெல் முளைக்கும்.
ஆகவே நங்கூரத்தைச் சுமந்து வந்திருக்கிறோம்
கடலில்லாத ஊருக்கு.
ஒரு இரும்புச் சட்டம், நாலு றப்பர்ப் பாதம்,
மேலே அடுக்க
இருபத்தைந்து கிலோத் தகடு பதினெட்டு.
அது எதையும் பிடிக்காது, எதிலும் பூட்டாது,
சும்மா இருக்கும்.
சும்மா இருப்பதற்கு எவ்வளவு பாடு என்று
தகடு சுமந்து படியேறின
என்ர முழங்காலைக் கேளுங்கோ.

முதலில் விளக்குமாறு.
மயில் எச்சம், பாசி, காற்றுக் கொண்டுவந்த பாலைச் சருகு,
மணல்.
தண்ணீரை வழித்து, சாக்கால் ஒற்றி,
மிச்சத்தை வெயிலிடம் விட்டுக் காத்திருந்தோம்.
ஈரத்தில் பாரம் பொய் சொல்லும்.
வவுனிக்குளத்துக் கரையில் எருமையே வழுக்கி விழக் கண்டவள் நான்,
அதுக்கென்ன பாரம் குறைவோ?

விளிம்பிலிருந்து அளந்து சிவப்பு நாடா கட்டி
தகட்டை எண்ணினேன்.
பதினேழு.
விரல் வைத்து எண்ணினேன்.
பதினேழு.

குகதாசன் அண்ணைக்கு மத்தியானத்துக்குள் முடியவேணும்.
“ஒண்டுதானே தங்கச்சி,
பொடியன் ஊசி மாதிரி இருக்கிறான்.”

நிற்கிற டிலக்சன் அறுபத்தொரு கிலோ.
விழுகிற டிலக்சன் வேற ஆள், அண்ணை.
கயிறு இறுகிற அந்தக் கணத்தில்
பத்துப் பேராய்த் தொங்குவான்.
தாளில் பதினெட்டு என்று போட்டிருக்கு.
பதினேழுக்கு எவனும் தாள் எழுதேல்லை.

அவர் வானத்தைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டை.
நான் பார்க்கவில்லை.
முகமாலையில் ஏழு வருசம்
வயிறு நிலத்தில் பட, கண்ணிவெடி தேடினவள்.
அங்கே சிவப்புத் தடி, இங்கே சிவப்பு நாடா.
அங்கே குனிந்து, இங்கே நிமிர்ந்து.
இரண்டு வேலையிலும்
பயப்படவேண்டியது மண்ணுக்குத்தான்.

ஒரு மணித்தியாலம் போனது.
பதினெட்டாவது தகடு
லொறிச் சில்லுக்கு அடையாய்க் கிடந்தது.
“உருண்டு போயிடும் எண்டு வைச்சனான்” என்றார்
சாரதி அருமைத்துரை, நெற்றியைத் தடவி.
அவர் சொன்னதிலும் பிழையில்லை.
ஒரு கல்லைத் தேடிக் கொடுத்து
தகட்டைத் தோளில் வாங்கினேன்.

அடுக்கி, ஊசி போட்டு,
நாலு பாதத்தையும் சுற்றிச் சோக்கால் கோடு கீறினேன்.
ஒரு சட்டத்துக்கு ஒரு ஆள்.
முதுகுக் கொளுக்கியை நானே இழுத்துப் பார்த்தேன்.
கயிற்றை விளிம்புக்கு எட்டாத நீளத்தில் பூட்டினேன்.
விழுந்தவனைப் பிடிக்க இல்லை,
விழுகிற இடத்துக்கே போகவிடாமலிருக்க.
டிலக்சன் சொன்னான்,
“அக்கா, என்னை மாடு மாதிரிக் கட்டியிருக்கிறியள்.”
ஓம். மேய்.

பதினொன்றரைக்குக் காற்று.
அவன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியது.
பின்னால் அவனும் ஓடினான்,
இருபது வயது, புதுத் தொப்பி,
விளிம்பு என்றொன்று உலகத்தில் இருப்பதே மறந்து.
நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.
சத்தம் வரமுன் கயிறு நிமிர்ந்தது.
இரண்டு முழம் மிச்சமிருக்க
பின்பக்கமாய் இருந்துவிட்டான்,
கை இன்னும் தொப்பிக்கு நீட்டினபடி.

கீழே யாரோ சிரித்தார்கள்.
அருமைத்துரை தொப்பியைத் தட்டித்
தன் தலையில் வைத்துக்கொண்டார்.
குகதாசன் அண்ணை ஒன்றும் சொல்லாமல்
எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

பின்னேரம் தகடுகளை இறக்கமுன்
குந்தியிருந்து பாதங்களைப் பார்த்தேன்.
மூன்று, கோட்டுக்குள்.
நாலாவது
ஒரு நகக்கண் அளவு வெளியே.

கொப்பியில் அதையும் எழுதினேன்.
பிறகு எண்ணினேன், ஒவ்வொன்றாய்,
படியிறங்கி லொறி வரைக்கும்.