ஆறு இலக்கம்

எழுபத்தெட்டுக் கிலோ.
காலியாக இருக்கும்போதே, என்றார் ஆர்வோ.
விரல் முட்டியால் மூன்று தரம் தட்டிக் காட்டினார்,
தர்பூசணி வாங்குகிறவர்போல் காதைச் சாய்த்து.
மூஸ் மான் வேட்டை முடிந்த வாரம்.
கூஹ்மோவில் மதியம் மூன்று மணிக்கே
கடை விளக்குகளைப் போட்டுவிட்டார்கள்.

வீட்டில் நாங்கள் வைத்திருந்தது இப்படி:
ரைஃபிள், குளிர்கோட்டுகளுக்குப் பின்னால்.
இரட்டைக்குழல் பரணில்.
தோட்டாக்கள் ஒரு காப்பி டின்னில்,
அந்த டின் காப்பிக்குப் பக்கத்தில்.
முப்பத்தோரு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே
என்பான் தவ்னோ.
பதிலை நான் சொல்லவில்லை, ஒன்னி சொன்னான்.
சவுனாவின் மேல்பலகைக்குப் பின்னே ஒளித்திருந்த
கிறிஸ்துமஸ் ரயிலைப்
பத்து நாள் முன்பே கண்டுபிடித்து,
கூடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான்.
பேரனுக்கு வயது ஆறு.

சாவிப் பூட்டா, எண் பூட்டா?
சாவி என்றால் சாவியை எங்கே வைப்பது என்றேன்.
சாவிக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு சாவி,
கடைசியில் மறுபடி ஒரு காப்பி டின்.
ஆர்வோ சிரித்தார்.
தவ்னோ ஈரத்தைப் பற்றிக் கேட்டான்.
நிலவறையில் வைத்தால் துரு ஏறுமா,
தரையோடு முடுக்க எத்தனை போல்ட்,
தோட்டாவுக்குத் தனிப் பூட்டுள்ள அறை உண்டா.
தீயில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டுவிட்டு
பதில் வருமுன்பே வேறெங்கோ பார்த்தான்.
தம்பியைப் புதைத்த ஜனவரியிலிருந்து
அவன் பேச்சு அப்படித்தான்,
பாதி வாக்கியத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கிவிடும்.

இரண்டு பேர் பலகை போட்டு இறக்கினார்கள்.
நிலவறை முழுக்க சிமெண்ட் தூசு.
இனி எண்ணைப் போடுங்கள், என்று ஆர்வோ கிளம்பிப் போனார்.
தவ்னோ கையுறையை மாட்டிக்கொண்டான்.
"நீ போடு. நான் விறகு பிளக்கப் போகிறேன்.
எண்ணை எனக்குச் சொல்லாதே."
எதுவரைக்கும்?
"வெளிச்சம் திரும்பும்வரைக்கும்."
இத்தனை வருடத்தில்
அவன் என்னிடம் கேட்ட மிகப் பெரிய கடன்.
அதையும் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு,
வீட்டுக்குள் குளிர் புகுந்துகொண்டிருக்கக் கேட்டான்.

பிறந்தநாள்கள் அவனுக்குத் தெரியும்.
மணநாள்கூட, ஆச்சரியம்தான், தெரியும்.
பழைய வோல்வோவின் எண், வங்கிக் கணக்கு,
என் அம்மா வீட்டுத் தொலைபேசி.
அவனுக்குத் தெரியாத ஆறு இலக்கம்
என்னிடம் மிச்சம் இருக்கிறதா?
வெளியே கோடாலி விழுந்துகொண்டிருந்தது.
அது விழும் மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

எனக்குப் பதினோரு வயதில் ஒரு பசுவை விற்றார்கள்.
லாரியில் ஏறும்வரை அதன் முகத்தைப் பார்க்க மாட்டாமல்
காதுப்பட்டையின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அன்றைக்கு அழுததை யாரிடமும் சொன்னதில்லை.
இவனிடமும்.
ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு கீச்.
ஆறு கீச். பசு உள்ளே போய்விட்டது.

டிசம்பரில் ஓர் இரவு
படுக்கையில் அவன் பக்கம் சில்லிட்டிருந்தது.
நிலவறைப் படியில் வெளிச்சம்.
செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கினேன்.
பெட்டிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.
ஆர்வோபோலவே மூன்று தரம் தட்டினான்.
"நல்ல பெட்டி."
ஆமாம், என்றேன்.
உன் பாதம் வெறுமையாக இருக்கிறது, என்றான்.
காலையில் டாக்டருக்கு நான் போன் செய்தேன்.
அவன் வெளியே போய்
வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கினான்.

ஏப்ரலில் கேட்டான்: "எண் என்ன?"
கதவின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே,
சர்க்கரை எங்கே என்பதுபோல.
நான் ஜன்னல் வழியே பார்த்தேன்.
"ஏரி இன்னும் உடையவில்லை" என்றேன்.
அவனும் எட்டிப் பார்த்தான்.
தலையை ஆட்டிவிட்டு
தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனான்.