தெற்கு இல்லாத கூரை

சிம்மக்கல் கடையில்
குலாம் தஸ்தகீர் கேட்டார்:
மொட்டைமாடி எத்தனை சதுரஅடி?

ஆறுக்கு மூன்று, என்றேன்.
அதிலும் பாதிநேரம்
பாயின் நிழல்.

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
பழைய தினசரியை அளவுக்குக் கிழித்து
தரையில் விரித்தார்.
துடைப்பக் குச்சியை நட்டமாய்ப் பிடித்து
டார்ச் அடித்தார்.
ஒரு கோடு நிழல்.
"இதுக்கே மொத்தப் பலகையும் படுத்துரும்ங்க.
ரெண்டு சின்னதா, தனித்தனியா மாட்டுங்க."

வளைகிற ரகம் எடை குறைவு,
ஆயுளும்தான்.
கண்ணாடி கனம்;
உப்பை நாலு வருஷம் கூடத் தாங்கும்.

"தெற்குப் பார்த்து வைங்க" என்று
வழக்கம்போல் சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐம்பது வாட், கண்ணாடி, இரண்டு.
மண்டபம் பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள்.
ஒன்றை மடியில் வைத்திருந்தேன்.
வைகை கூடவே வந்தது, மணலாக.
மானாமதுரை வளைவில் வெயில்
பலகையை விட்டு
என் முழங்கைக்குப் போனது.