எடை தெரியாத லோடு

முழங்கால் போட இடமில்லை இங்கே.
ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி,
பாதத்தடியில் கண்ணாடி,
அதற்குக் கீழே நூற்றுப்பத்து மீட்டருக்கு
வெறும் லுசைல்.

காலை நாலரைக்கு ஏணியில் கால் வைப்பேன்.
முதல் வருஷம் படிக்கு ஒரு பேர் சொல்லி ஏறினேன்.
பொன்மலர், மூத்தவன், சின்னவள்,
கல்யாணக் கடன் கொடுத்த செல்லப்பா நாடார், அவருக்கும்தான்.
நாற்பதாம் படிக்குள் பேரும் மூச்சும்
ஒன்றாகத் தீர்ந்துவிடும்.
பிறகு பேர்களை விட்டுவிட்டேன்.
நான் மூச்சு வாங்குகிறேன்,
வேண்டியதை அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

கண்ணை மூடக்கூடாது. கம்பெனிச் சட்டம்.
மூன்று டன் கம்பிக்கட்டு அந்தரத்தில் ஆடும்போது
கண் மூடுகிற பக்தி யாருக்கு வேண்டும்?
கொக்கியைப் பார்த்தபடியே சொல்வேன்,
ஆண்டவரே, காற்று.
சில நாள் ஆண்டவரே கூட வராது.
காற்று, என்பேன்.

ஸ்லாப் வார்ப்பு. இரண்டு மாதமாய்
வெள்ளிக்கிழமை ஆராதனை கிடையாது.
ஜெபஜீவியம் எப்படி தம்பி என்று
போதகர் வாட்ஸ்அப்பில் கேட்டார்.
லோடு இறங்கும்வரை பதில் போடவில்லை.
இறங்கியதும் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

மார்ச்சில் நடந்தது.
வாக்கிடாக்கி பட்டன் மணலிலோ வேர்வையிலோ
உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.
எனக்குத் தெரியாது.
நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன்,
ஏழாம் சேனலில் மொத்த சைட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.
தமிழ் தெரியாத நாற்பது பேருக்கு
மூன்றே வார்த்தை புரிந்தது.
குல்ஜமான். பெஷாவர். ஆமென்.

ஃபோர்மேன் கூப்பிட்டுக் கத்தினார்.
சேனல் லோடுக்கு மட்டும்!
வேறு ஒரு சத்தம் வந்தால் ஒருநாள் சம்பளம் வெட்டு.
சரி என்றேன். அவர் சொன்னதில் தப்பில்லை.
கீழே நின்று எனக்குக் கை காட்டுகிற குல்ஜமான்
அன்று முழுக்க
மேலே, கீழே, நிறுத்து தவிர எதுவும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவன் குரல்.
க்ரேன் டூ, ஏக் லோடு.
குனிந்து பார்த்தேன். கொக்கி காலி.
எடை என்ன?
மாலூம் நஹி, என்றான்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
பிறகு மெதுவாக, மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன்.
தூக்குகிறேன் என்றேன்.
கொக்கியை நிஜமாகவே இரண்டு மீட்டர் தூக்கினேன்,
அவன் பார்க்கட்டும் என்று.

இப்போது வாரத்தில் ஒன்றிரண்டு வருகிறது.
திலக் பகதூர், சின்ன லோடு, அம்மா.
பேர் சொல்லாத ஒருத்தன், பாஸ்போர்ட்.
ஒருநாள் ஃபோர்மேனே வந்தார்.
க்ரேன் டூ, லோடு, என்றவர்
வெகுநேரம் பட்டனை அமுக்கியபடி நின்றார்.
அவர் மூச்சு கேட்டது.
ஒன்றுமில்லை, கேன்சல், என்றார்.
கேன்சலையும் தூக்கினேன்.

எது எங்கே போய் இறங்கியது, நான் அறியேன்.
குல்ஜமானின் மகள் நடக்கிறாள், ஒரு காலை இழுத்து.
திலக்கின் அம்மா தவறிவிட்டாள்.
இரண்டையும் எடுத்தது ஒரே கொக்கிதான்.
அதைப் பற்றி அவரிடம்
இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இது ஜூன். பத்து மணிக்கு வேலை நிற்கும்.
இறங்கும் முன் சுழல் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.
பூட்டிவைத்தால் காற்று க்ரேனைச் சாய்த்துவிடும்,
விட்டுவிட்டால் தானே திரும்பிக்கொடுக்கும்.
லிவரைத் தள்ளுகிறேன்.
ஐம்பது மீட்டர் இரும்புக் கை
ஒரு முனகலோடு
கடலை விட்டுத் தோஹா பக்கம் போகிறது.
போய் நிற்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.
கையில் வேலை இல்லை.
வாயிலும் இல்லை.

கீழே தீப்பெட்டி அளவில் குல்ஜமான்
நெற்றிக்கு மேல் கை வைத்து அண்ணாந்து பார்க்கிறான்.
இறங்குடா, வெயில், என்று
இன்னொரு கையை ஆட்டுகிறான்.